தோம்பு பார்த்த காலம்

பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் எமது நாட்டு மாணவர் பலருக்கு வாழ்க்கையின் ஒரு தனிப் பருவமாகவே அமைந்துவிடுகின்றது. 2021ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேதான் நடைபெற்றது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பீடத்தின் வாயிலை மிதிக்கும்வரை கழிந்த மாதங்களில் என் தோழியருட் சிலர் தனியார் வகுப்புகளிற் கற்பித்தனர். சிலர் தையல் பழகினர். நான் யாழ்ப்பாணத்திலே ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்திற் காணி உறுதிகளின் வழியைத் தேடும் வேலையிற் சேர்ந்தேன். பெற்றோலுக்கு மக்கள் இரவிரவாக வரிசையில் நின்ற ஆண்டு அது. துவிச்சக்கரவண்டியிற் போய்வரக்கூடிய வேலை என்பதே நான் அதனைத் தெரிந்தமைக்கு முதற் காரணம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

காணியொன்று கைமாறுமுன், கொடுப்பவருக்கு அதனைக் கொடுக்க உரித்து உண்டா, அதன்மேல் ஈடு, ஒற்றி, வழக்கு முதலிய பாரங்கள் ஏதும் உளவா என்பவற்றைக் காணிப் பதிவகத்து ஏடுகளிற் பார்த்து எழுதிக் கொடுப்பதே அவ்வேலை. சட்டத்தரணிகள் இதனை உரிமைத் தேடல் என்பர். ஊரார் ‘தோம்பு பார்த்தல்’ என்பர். தோம்பு என்பது ஒல்லாந்தர் வைத்த காணிப் பதிவேட்டின் பெயர். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் இத்தீவில் முடிந்தது. அந்தச் சொல் மட்டும் எமது வாயில் நின்றுவிட்டது.

எனக்கு வேலை பழக்கியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஐயா. ஒரு பென்சிலும், ஒரு பூதக்கண்ணாடியும், நான்காக மடித்த ஒரு துவாயுமே அவருடைய தொழிற் கருவிகள். ஏட்டின் அருகே பேனையைத் திறக்கக்கூடாது என்பது அவர் எனக்கு விதித்த முதற் சட்டம். பழைய தொகுதிகள் ஒரு சிறுபிள்ளையின் பாரம் இருக்கும். அவற்றைத் திறக்கும்போது முதுகுக்கட்டு உடையாதபடி இரு கைகளாலும் தாங்க வேண்டும். முதல் இரண்டு வாரமும் அவர் எனக்குக் கற்பித்தது இவ்வளவே.

ஒவ்வொரு காணிக்கும் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். கந்தோர்வழக்கில் அதனைப் ‘போலியோ’ என்பர். முதன்முறை கேட்டபோது சிறுவயதில் நாவிற் சொட்டிய மருந்துத் துளியே எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்தின் தலைப்பிலே காணியின் பெயர், ஊர், விசாலம், நான்கெல்லை என்பன இருக்கும். அதன்கீழ் நிரல் நிரலாகப் பதிந்த திகதியும் நாட்பதிவேட்டு இலக்கமும், கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், கடைசியிற் குறிப்புகள். காலனித்துவக் காலத்துப் பதிவுகள் ஆங்கிலக் கையெழுத்தில் இருந்தன; சில முத்துப்போல, சில கோழி கிளறியதுபோல. தேடுபவர் செய்வது ஒன்றே: இன்று கொடுப்பவர் அன்று பெற்றவராக இருக்கின்றாரா என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வது. முப்பது ஆண்டுக்கு இவ்வழி முறியாமல் இருக்க வேண்டும் என்பது எமது நாட்டு வழக்கம்.

இதற்குப் பின்னால் உள்ள சட்டம் சற்றுச் சுவையானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் உறுதி ஒரு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக எழுதப்பட வேண்டும். எழுதியபின் ஒரு பிரதி உரியவரிடமும், ஒன்று நொத்தாரிசிடமும், ஒன்று பதிவகத்திலும் சேரும். வீடு எரிந்தாலும் வழக்கு எரியாதிருப்பது இதனாலேயே. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்னொன்றையும் சொல்கின்றது. ஒருவர் தமது உறுதியைப் பதியாது வைத்திருக்க, அதே காணிக்குப் பின்னால் விலை கொடுத்து வேறோர் உறுதி பெற்றவர் அதனை முறைப்படி பதிந்துவிட்டால், சூதும் கூட்டுச்சதியும் இல்லாதவிடத்துப் பிந்தியவருக்கே முன்னுரிமை. ஆயினும் பிழையான உறுதியைப் பதிவு சரியாக்கிவிடாது. அதாவது, ஏட்டிற் பதியப்படுவது உறுதியேயன்றி உரிமை அன்று. உரிமையையே பதியும் முறைக்கென 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. எனினும் நான் கையாண்ட ஏடுகள் யாவும் பழைய முறையினவே. எனவே ஏடு பொய் சொல்லாது என்று நம்பி அதனிடம் போகின்றவர் பாதி வழியில் ஏமாறுவார். இன்ன நாளில் இன்னார் இப்படி எழுதிவைத்தார் என்பது மாத்திரமே அதற்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்து ஏடுகளுக்கென ஒரு தனித்தன்மை உண்டு. அதன் பெயர் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706–1707இல் இவ்வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் படித்துச் சரியென ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களையும் பள்ளியில் நான் வரலாற்றுப் பாடத்திற் படித்தவள். அவை மனிதரின் வாழ்வில் எவ்வாறு உட்கார்ந்திருக்கின்றன என்பதை ஏட்டிலேதான் கண்டேன். வீடும் வளவும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக இறங்கி வருகின்றன. பெற்றவர் நிரலில் ஒரு பெண். அடுத்த வரியிற் கொடுத்தவர் நிரலில் அதே பெண். பெற்றவர் அவளின் மகள். ஆனால் அப்பெண் தன் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. எனவே இங்கே தோம்பு பார்ப்பவர், பெண் கொடுத்த ஒவ்வோர் உறுதியிலும் கணவன் ஒப்பமிட்டானா என்று பார்த்தேயாக வேண்டும். காணி அவளுடையது, பேனையில் ஒரு பாதி அவனுடையது. இது குறித்து ஐயாவுடன் நான் பலமுறை வாதிட்டதுண்டு. “சட்டத்தை மாத்திறது உங்கடை யூனிவேசிற்றி வேலை பிள்ளை. நீ கையெழுத்து இருக்கோ எண்டு பார்” என்பார்.

முதல் மாதத்திலேயே ஒரு பிழை விட்டேன். ஒரு தோட்டக்காணியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துப் பாரம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா ஒன்றும் பேசாமல் என்னை மீண்டும் பதிவகத்துக்கு அழைத்துச் சென்று, அப்பக்கத்தின் அடியில் மங்கிய மையிற் கிடந்த ஒரு குறிப்பின்மேற் பூதக்கண்ணாடியை வைத்தார். அது வேறொரு தொகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டதைக் காட்டும் குறிப்பு. அத்தொகுதியில் ஓர் ஒற்றி உறுதியும், பிரிபடாத எட்டிலொரு பங்கின் விற்பனையும் இருந்தன. “பக்கம் முடிஞ்சாக் காணி முடிஞ்சு போச்சே?” என்று மட்டும் கேட்டார். அக்காணியை வாங்க இருந்தவர் மீன்பிடித்துச் சேர்த்த பணத்தைத் துணிப்பையிற் கட்டி வந்திருந்த ஒரு மனிதர். அவருக்கு இது தெரியாது. எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பரப்பும் குழியும் பழகப் பழக, எல்லைகளை வாசிப்பது எனக்கு ஒரு நாவலை வாசிப்பது போலாயிற்று. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வயலானால் இக்கணக்கு வேறு. கிழக்கில் ஒழுங்கை, மேற்கில் இன்னார் மனைவி இன்னாளும் பங்காளரும், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும். முப்பது ஆண்டில் ஓர் எல்லையிலே மூன்று பெயர் மாறியிருக்கும். ஒழுங்கை மட்டும் மாறாது. 1990இன் பின் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்து பிற்பாடு விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளிலோ ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை, கிணறு இருந்த இடமும் தெரியவில்லை. அங்கே உறுதி மட்டுமே காணி. வெளிநாட்டில் இருப்போரின் பெயரில் போலி அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் காணி விற்கும் கூட்டத்தாரும் இந்நிலையைத்தான் பயன்படுத்துகின்றனர். போர்க்காலத்திற் காணியை மீட்க வழக்காட முடியாதிருந்தோருக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கருத்திற் கொண்டு ஒரு சலுகை அளித்தது. அதனைப் பற்றிக் கேள்விப்படாமலே இருந்தோர் பலர் எமது அலுவலகத்துப் படியேறி வந்ததைக் கண்டிருக்கின்றேன்.

அவ்வாண்டு ஆவணியில் என் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சீதனம் பற்றி இவ்விதழின் வாசகர் பலர் கொண்டுள்ள கருத்தே எனதும். ஆனால் வீட்டில் என் கருத்தை ஒருவரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. நாம் குடியிருக்கும் வளவிற் பாதியை எழுதுவதென்று பேச்சு முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், “தோம்பு பார்த்திட்டு எழுதுவம்” என்றார். அதில் நியாயம் உண்டு. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சொந்தக் காணியைத் தான் தேடக்கூடாது என்பது ஐயாவின் இன்னொரு சட்டம். தன் காணியிற் பிழை தன் கண்ணுக்குத் தெரியாதாம். ஆயினும் விடயத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “நீயே பார். பிறகு நானும் பார்ப்பன்” என்றார். அவருக்கு முன்னமே ஏதும் தெரிந்திருந்ததோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

1931இற் பூட்டிக்கு, 1958இல் அம்மம்மாவுக்கு, 1997இல் அம்மாவுக்கு. மூன்றும் சீதன உறுதிகள். என் தாய்வழியினரின் பெயர்களை முழுமையாக, வரிசையாக நான் கண்டது அன்றே முதன்முறை. எமது வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குவன ஆண்களின் படங்களே. இப்பெயர்களைப் படித்துப் பூரித்து நின்ற நான், 1958க்கும் 1997க்கும் இடையே ஒரு வரி கிடப்பதைச் சற்றுப் பிந்தியே கண்டேன். 1986ஆம் ஆண்டின் ஓர் ஈட்டுறுதி. கொடுத்தவர் அம்மம்மா, அம்மப்பாவின் சம்மதத்துடன். பெற்றவர் எமது ஊரிற் கற்பித்த, மணமாகாத ஓர் ஆசிரியை. எதிரே குறிப்புக்குரிய நிரல் வெறுமையாக இருந்தது. ஈடு மீட்கப்பட்டமைக்கு எங்கும் பதிவில்லை. அடுத்த தொகுதியையும் பார்த்தேன். ஐயாவும் பார்த்தார். 1997இன் சீதன உறுதியை எடுத்து வாசித்தபோது, கட்சிக்காரர் வேண்டாமென்றமையால் தோம்பு பாராமல் எழுதப்பட்டது என்ற கருத்துப்பட நொத்தாரிசின் அத்தாட்சியிலே ஒரு வசனம் இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். 1986இல் மாமா கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்குப் போன செலவு அது. மாமா அனுப்பிய காசில் ஐந்து ஆண்டில் அதனைத் தீர்த்தார்களாம். கடைசித் துண்டுக்கு அம்மம்மாவின் காப்பு ஒரு சோடி போனதாம். ஆசிரியை ஈட்டுறுதியின் பின்புறத்தில் எழுதி, அதனைக் கையிலே தந்துவிட்டார். அதுவே போதும் என்று எல்லோரும் இருந்துவிட்டனர். அவ்வுறுதி 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்களெல்லாம் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தபோது பெட்டியோடு வீட்டில் விடுபட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, மூடி இல்லை, உள்ளே ஒரு தாளும் இல்லை.

இதனை எழுத எனக்கு வெட்கமாக இருக்கின்றது. ஆயினும் எழுத வேண்டும். நான் அம்மாவை நம்பவில்லை. ஐந்து மாதத் தொழில் என்னை அவ்வாறு ஆக்கியிருந்தது. எந்தத் திகதி, யார் பார்த்தது, காப்பை எந்தக் கடையில் விற்றது, பின்புறத்தில் என்ன எழுதியிருந்தது என்று அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரரைக் கேட்பதுபோற் கேட்டுக்கொண்டே போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிலத்தில் வைத்துவிட்டு, “நீ என்னைத் தோம்பு பார்க்கிறியோ?” என்று கேட்டா. அதன்பின் இரண்டு நாள் நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஈட்டின்மேல் வழக்குத் தொடரப் பத்தாண்டுக் கால எல்லை உண்டு. அது என்றோ கடந்துவிட்டது என்று வாதிடலாம் எனச் சட்டத்தரணி கூறினார். வாதிடுவது நீதிமன்றத்துக்குச் சரி. மாப்பிள்ளை வீட்டார் முன் அந்த வெறும் நிரலை என்ன சொல்லிக் காட்டுவது? ஆசிரியை உயிரோடு இருக்கின்றார், வவுனியாவில் தம் சகோதரியின் மகளோடு இருக்கின்றார் என்று மூன்றாம் நாள் விசாரித்தறிந்தோம். பேருந்துகள் குறைந்திருந்த காலம். விடியப்புறம் புறப்பட்டு, பாதி வழி நின்றுகொண்டே அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தோம்.

அவருக்கு எண்பத்தொரு வயது. கண் நன்றாகத் தெரிந்தது. அம்மாவைக் கண்டதும் முதலில், “நீ நாலாம் வகுப்பிலை பின்வாங்கிலை இருந்தவளெல்லோ” என்றார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் எழுந்து உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவர் மறுத்தால், அல்லது இன்னும் தர வேண்டும் என்றால், ஏடு அவர் பக்கமே நிற்கும் என்பதை அந்த அறையில் நன்கறிந்தவள் நான் ஒருத்தியே.

அவர் கொண்டுவந்தது ஒரு நாற்பது தாட் கொப்பி; பள்ளிப்பிள்ளையுடையது போல அட்டையிற் பெயரும் எழுதியிருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதனைக் கொண்டு திரிந்திருக்கின்றார். உள்ளே அம்மம்மாவின் பெயரில் ஒரு பக்கம். கோடிழுத்து, திகதி, வட்டி, முதல் என்று நிரல் பிரித்திருந்தார். கடைசி வரி 1991 வைகாசி. அதற்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. “இவ்வளவு காலமும் ஒருதரும் வந்து கேட்கேல்லை. நான் செத்திருந்தா என்ன செய்திருப்பியள்?” என்றார். அம்மா அழுதா. நான் அப்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அம்மாவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த கிழமை வவுனியாவிலேயே ஒரு நொத்தாரிசு முன்னிலையில் ஈடு மீட்பு உறுதி எழுதப்பட்டது. ஆசிரியை வரைவை வாங்கிப் படித்து இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்தியபின்னரே ஒப்பமிட்டார். அதனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து பதிந்தோம். அக்காவின் உறுதி மார்கழியில் எழுதப்பட்டது; அப்பா சம்மத ஒப்பமிட்டார்; தோம்பு பார்த்தே எழுதப்பட்டது என்ற வசனமும் இருந்தது. அம்மாவும் நானும் பேசத் தொடங்கிவிட்டோம். ஆனால் அவ இன்றும் என்னிடம் ஏதும் சொல்லும்போது, “எழுத்திலை இல்லை, சும்மா சொல்லுறன்” என்று ஒரு சொல் சேர்ப்பதுண்டு.

ஆசிரியை ஒப்பமிட்ட அன்று, புறப்படும்போது என்னை மட்டும் கூப்பிட்டார். வலிகாமம் வடக்கில் அவருக்குத் தகப்பன் 1979இல் நன்கொடையாக எழுதிய ஒரு காணி இருந்தது. 1990 ஆனியில் விட்டு வந்தவர், பின் அதனைக் காணவில்லை. 2022இலும் அது விடுவிக்கப்படாத பகுதிக்குள்ளேயே கிடந்தது. உறுதி தொலைந்துவிட்டது. “அது இன்னும் என்ரை பேரிலைதான் கிடக்குதோ எண்டு ஒருக்காற் பார் பிள்ளை. வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார்.

பார்த்தேன். ஏட்டில் அவர் பெயருக்குப்பின் ஒரு வரியும் இல்லை. ஈடில்லை, ஒற்றியில்லை, வேறெவர் பெயருமில்லை. பரப்பு ஐந்து, கிழக்கில் ஒழுங்கை, கிணற்றிற் பங்கும் உண்டு. பதிவுப் பிரதியைப் பெற்றுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நன்றி கூறுவார் என்று எதிர்பார்த்தேன். வடக்கெல்லையிற் காணிக்காரரின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கின்றது, அங்கே வருவது வல்லின றகரம் அன்று, இடையின ரகரம், அதனைத் திருத்த முடியுமா என்று கேட்டார்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துவாயால் துடைத்தார். “உறுதியிலை எப்பிடி இருக்கெண்டு முதலிற் பார்க்கவேணும்” என்றார். மறுநாட் காலை 1979இன் அவ்வுறுதியினது பதிவகப் பிரதிக்கு விண்ணப்பம் எழுதினேன்.